கட்டை போடாத வண்டி

ஒன்பது நாளாக அந்த வெள்ளைப் பிக்கப் முற்றத்தில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து விட்ட இடத்திலேயே நிற்கிறது. கத்பர்ட் அதன் பக்கமே போகவில்லை. கோழிகள் அடியில் குழி பறித்துப் படுத்துக்கொள்கின்றன. பின்தட்டில் கிடக்கும் இலைக்கட்டுகளை இறக்கவும் ஆளில்லை. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் இலை கறுத்து, அதன் கிராம்பு வாசம் போய், புளித்த வாடை கிளம்பிவிட்டது. புவாதேன் மரத்து இலையை அறுத்த நாலைந்து நாளுக்குள் கொதிகலனில் திணித்து எண்ணெய் இறக்கிவிட வேண்டும். இலையை அழுக விடுகிறவனை மோர்ன் ஜோனாவில் யாரும் மதிக்க மாட்டார்கள். இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. அது சாவு விழுந்த இலை.

கத்பர்ட்டின் மனைவி ஃபிலோமீன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பச்சை வாழைக்காயின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கையில் கறை ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். தடவ மறந்துவிட்டாள். விரல்கள் கறுத்துப்போயிருந்தன. சீமைப்பலா மரத்தடியில் கத்பர்ட் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இந்த ஒன்பது நாளில் அவன் உள்ளே இறங்கியது கோக்கோத் தண்ணீரும் நாலைந்து வாய் சூப்பும்தான். ஐம்பத்தெட்டு வயது மனுஷன் ஒரு வாரத்தில் எழுபதாகிவிட்டான்.

முற்றத்தின் மறுபக்கம் கத்பர்ட்டின் தம்பி இக்னேஸின் வீடு. அவன் செத்துப்போனதால் அவன் மனைவி எர்மீனின் வீடு என்று இனிச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே வீடு கட்டியவர்கள். நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அங்கே இன்று சாயங்காலம் ஒன்பதாம் நாள் ஜெபம். கோயிலிலிருந்து பெஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் வந்துபோனார்கள். இந்தப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளை வண்டிக்கு முன்னால் கத்பர்ட்டிடம் இருந்தது கியர் போடுகிற சிவப்புப் பிக்கப். இருபத்திரண்டு வருஷம் அதில்தான் இலை ஏற்றினான். மரங்கள் நிற்கிற சரிவிலிருந்து கொதிகலன் கொட்டகைக்குப் போக ஒரே வழி. அதில் பாதித் தூரத்துக்கு மேல் ஒரே செங்குத்து. ஏணி என்றுதான் அதற்குப் பெயர். ஏணியில் பாரவண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ஓட்டுகிறவனால் மட்டும் அதைக் கிளப்ப முடியாது. கட்டை போட ஒரு ஆள் வேண்டும். கத்பர்ட்டின் வண்டிக்குக் கட்டை போட்டவள் ஃபிலோமீன். இலைக்கட்டுகளின் மேல் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டி நின்றதும் குதிப்பாள். பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவாள். பின்கதவில் ஒரு தட்டுத் தட்டி, "அலே!" என்று ஒரு சத்தம் போடுவாள். கட்டை போட்டாச்சு, போகலாம் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கத்பர்ட் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். வண்டி கட்டையின் மேல் சாய்ந்து ஒரு மூச்சு வாங்கும். அப்புறம் நிதானமாக கிளட்சை விட்டுக் கிளப்புவான். அவள் கட்டையைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓடி வந்து தொற்றி ஏறுவாள். நிறைமாதத்தில்கூட அவள் கட்டை போட்டதுண்டு. பாதி ஊருக்கு அவள் குரல் கேட்கும்.

போன வருஷம் கத்பர்ட் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டான். கிளட்ச் மிதிக்கிற கால் அது. இனிமேல் மிதிக்க முடியாது என்று ஆனதும் சிவப்பு வண்டியைத் தள்ளிவிட்டு, ரோசோ துறைமுகத்தில் வந்து இறங்கிய இந்தப் பழைய ஆட்டோமேட்டிக்கை வாங்கி வந்தான். இதில் இடது காலுக்கு வேலையே இல்லை. விற்றவன் வேறு, "இதுக்குக் கட்டையெல்லாம் எதுக்கு? மலையில விட்டா அது பாட்டுக்குப் புடிச்சுக்கிட்டு நிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"ஏ ஃபிலோ, கேட்டுக்கிட்டியா? இனிமே நீ பின்னால குரங்கு மாதிரி தொத்திக்கிட்டு வரவேணாம். முன்னால உக்காரு, மகாராணி மாதிரி," என்றான் கத்பர்ட்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து போனது இந்த நாலு மாதம்தான். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறினாள். ஊரே கேலி செய்தது.

"என்ன மா ஃபிலோ, பதவி உயர்வா?"

"இனிமே எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா அவளுக்கு?" என்று எர்மீன் குழாயடியிலிருந்து கத்தினாள். "கண்ணாடிய ஏத்திக்கோடி, காத்து பட்டுக் கறுத்துரப்போறே!"

எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் இக்னேஸ்தான். 

போன வாரம் வெள்ளிக்கிழமை கத்பர்ட்டின் இலைக்குக் கூத்மென். இன்றைக்கு உனக்கு நாங்கள், நாளைக்கு எங்களுக்கு நீ என்று பன்னிரண்டு பேர் அரிவாளோடு வந்திருந்தார்கள். காலையிலேயே ரம் பாட்டில் கைமாறியது. கத்பர்ட் முறைக்கு ஒரு சொட்டு மண்ணில் ஊற்றிவிட்டு, வாயில் வைக்காமல் அடுத்தவனிடம் தள்ளிவிட்டான். வண்டி ஓட்டுகிற நாளில் அவன் குடிப்பதில்லை. மத்தியானத்துக்குள் வண்டி கொள்ளாத அளவுக்கு இலை சேர்ந்தது. பாதிப் பேர் முன்னாலேயே கொட்டகைக்கு ஏறிப் போய்விட்டார்கள். இக்னேஸ் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். எர்மீன் தலையில் ஒரு கட்டோடு அவனுக்கும் கொஞ்சம் கீழே வந்தாள்.

ஏணியின் நடுவில் மேலிருந்து ஒரு வேன் இறங்கியது. கத்பர்ட் ஓரங்கட்டி நிறுத்தினான். வேன் உரசாத குறையாகக் கடந்து போயிற்று. வேன்காரன் கையை ஆட்டினான். ஃபிலோமீனும் ஆட்டினாள். அன்றைக்கு அவளுக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம். நல்ல இலை, நல்ல வெயில், பக்கத்தில் புருஷன். வழி விட்டதும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வழக்கமான குரலில், "அலே!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

கத்பர்ட் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

எடுத்துவிட்டு, சிவப்பு வண்டியில் செய்கிற மாதிரி, கட்டையில் சாய்வதற்காக ஒரு மூச்சு பொறுத்தான். சாய்வதற்கு அங்கே கட்டை இல்லை. வண்டி பின்னால் போனது. பதறிப்போய் அவன் கிளட்சைத் தேடி உடைந்த காலால் வெறும் தரையை ஓங்கி மிதித்தான். வலது கால் பிரேக்கைக் கண்டுபிடித்து மிதிப்பதற்குள் வண்டி பன்னிரண்டு அடி பின்னால் போய் வளைவுப் பாறையில் இடித்து நின்றுவிட்டது. நடுவில் இக்னேஸ் இருந்தான்.

கத்பர்ட் போலீஸ்காரரிடம், "கால் நழுவிடுச்சு" என்று சொன்னான். அதோடு சரி. "அலே" என்ற சத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஃபிலோமீனிடம் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். "அவன் ஏன் நின்ன வண்டிக்குப் பின்னால வந்தான்? இந்த மலையிலேயே பொறந்து வளந்தவன், அவனுக்குத் தெரியாதா? அவன் ஏன் வந்தான்?"

மெக்கானிக் க்ளோவிஸ் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். வண்டிக்கடியில் படுத்து, எழுந்து, எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்து, முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தான்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல பெர்ட்."

க்ளோவிஸ் கை துடைத்த துணியை இடுப்பில் செருகினான்.

"பிரேக் நல்லாருக்கு. கியர்ப்பெட்டி எண்ணெய் சரியா இருக்கு. ஆட்டோமேட்டிக்குன்னா தானாப் புடிச்சுக்கிட்டு நிக்கும்னு எவன் சொன்னான் ஒனக்கு? சமதரையில கால எடுத்தா முன்னால ஊரும். சின்ன ஏத்தத்துல நிக்கும். ஏணியில, அத்தனை எலைய ஏத்திக்கிட்டு நின்னா பின்னாலதான் வரும். எல்லா வண்டியும் வரும். கை பிரேக்க இழுத்து வெச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரக் குடுத்திருக்கணும்."

"வித்தவன் சொன்னான்."

"அவன் ஏணியப் பாத்திருக்கானா?"

க்ளோவிஸ் ஒரு காலை மாற்றி நின்றான். அடுத்ததைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. கால எடுத்தே சரி. ஒடனே ஆக்ஸிலேட்டர மிதிக்காம ஏன் சும்மா இருந்தே?"

"நழுவிடுச்சு."

"ஊர்ல வேற மாதிரி பேசிக்கறாங்க பெர்ட். கூத்மென்ல ரம் குடிச்சிட்டு ஓட்டினேன்னு. எர்மீனே சொல்றா. திங்கக்கெழமை ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுக்கப் போறாளாம். எழுதிக் குடுத்தாள்னா நீ உள்ள போயிருவே. வெளையாட்டில்ல."

"சரி," என்றான் கத்பர்ட்.

"என்ன சரி?"

"அவ எழுதிக் குடுக்கட்டும். அவளுக்கு உரிமை இருக்கு."

க்ளோவிஸ் ஃபிலோமீனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் வாசல் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"நீ என்ன மனுஷனா மரமா? அன்னிக்கு அந்தப் பாட்டில வாயில வெச்சியா நீ?"

"வெச்சா என்ன, வெக்காட்டி என்ன. செத்தவன் என் தம்பி. ஸ்டீரிங்கு என் கையில இருந்துச்சு."

"அலேன்னு கத்தினது நான்."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அவ காதுல விழட்டும். ஜெயிலுக்குப் போறேன்னு நீ உக்காந்திருப்பே, நான் வாழக்கா உரிச்சுக்கிட்டு இருக்கணுமா? நான் கத்தினதாலதானே நீ கால எடுத்தே? இல்லன்னு சொல்லு பாப்போம்!"

கத்பர்ட் அப்போதுதான் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன.

"ஃபிலோ, கேளு. நீயும் அவளும் இந்த முத்தத்துலதான் இருந்தாகணும். ஒரே கொழாய்ல தண்ணி புடிக்கணும். என்னய வெறுத்தாள்னா, வெறுத்துட்டு, ஒங்கிட்ட வந்து அழுவா. ஒன்னயும் வெறுத்துட்டாள்னா யாருகிட்ட போவா? அவளுக்குப் புள்ளயும் இல்ல, குட்டியும் இல்ல. நான் யோசிச்சுத்தான் சொல்றேன். நீ வாயத் தொறக்காதே."

அவள் அழுதாள். இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், அவன் மனசு இவ்வளவு பெரிசு என்று தெரிந்துகொள்ள ஒரு சாவு விழ வேண்டியிருந்ததே என்று அழுதாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நடந்தாள்.

"ஃபிலோ!" என்று அவன் கூப்பிட்டான். எழுந்திருக்கப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை.

எர்மீன் பின்கட்டில் தனியாக இருந்தாள். சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஊற வைத்த உப்பு மீனை ஒரு பேசின் நிறைய வைத்துக்கொண்டு முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சு தூக்குகிறவர்கள் அடுத்த நடைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஃபிலோமீனைப் பார்த்தும் எர்மீனின் கை நிற்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. ஃபிலோமீன் தானாகவே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேசினுக்குள் கையை விட்டு, ஒரு மீனை எடுத்து முள் எடுக்க ஆரம்பித்தாள்.

"தோல் அப்படியே இருக்கு அதுல. தோல மொதல்ல உரி," என்றாள் எர்மீன்.

உரித்தாள். 

"எர்மீன், பெர்ட் அன்னிக்குக் குடிக்கல."

"அப்படியா."

"ஆண்டவர் சத்தியமா குடிக்கல. அவரு கால எடுத்தது என்னாலதான். நான் அலேன்னு சத்தம் போட்டேன். பழக்க தோஷத்துல வாயில வந்துடுச்சு. கட்ட போட்டாச்சுன்னு நெனச்சு அவரு கால எடுத்துட்டாரு. பழக்கம்டி, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நான் முன்னால உக்காந்திருக்கேன்னு அவரு காலுக்குத் தெரியல. என் வாய்க்கும் தெரியல. போலீஸ்கிட்ட அவரு சொல்லாம மறைச்சுட்டாரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறதுன்னா என் பேர எழுதிக் குடு."

எர்மீன் கையிலிருந்த மீனைப் பேசினில் போட்டாள்.

"எட்டு நாளு," என்றாள். "எட்டு நாளாச்சு ஒனக்கு, இந்த முத்தத்தத் தாண்டி வந்து இதச் சொல்றதுக்கு."

"எர்மீன்..."

"நான் எங்க நின்னேன் அன்னிக்கு? என் மனுஷனுக்குப் பின்னாலதானே நின்னேன்? எனக்குக் காது செவிடா? ஒன் சத்தம் எனக்குக் கேக்கலேன்னு நெனச்சியா?"

ஃபிலோமீன் முள்ளெடுப்பதை நிறுத்தினாள்.

"அடக்கத்தன்னிக்குச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ வந்து கட்டிப் புடிச்சு அழுதே, அதச் சொல்லல. மறுநாள் சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. புருஷன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டே. அப்பத்தான் ரம்முன்னு ஊர்ல சொன்னேன். பெர்ட் குடிக்கலேன்னு எனக்குத் தெரியாதா? என் மனுஷன்தானே அடுத்த கையில அந்தப் பாட்டில வாங்கினாரு? ஒன் புருஷனக் குடிகாரன்னு சொன்னா ஒனக்காவது ரோஷம் வரும், வந்து நிப்பேன்னு சொன்னேன். அதுக்கும் நாலு நாள் ஆச்சு ஒனக்கு."

"அவரு வாயத் தொறக்க விடலடி."

"அவரு விடமாட்டாரு. அவரு பேச்ச நீ கேட்டியே, அதச் சொல்லு."

 ஃபிலோமீன் தலையைக் குனிந்துகொண்டாள். எர்மீன் எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து, குடித்து, மிச்சத்தை அவளிடம் நீட்டினாள். ஃபிலோமீன் வாங்கிக் குடித்தாள்.

"நான் ஸ்டேஷனுக்கெல்லாம் போகப்போறதில்ல," என்றாள் எர்மீன். "ஜெபம் முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் ரம் கதை பொய்யின்னு நானே சொல்றேன். ஆனா ஒண்ணு நீ தெரிஞ்சுக்கணும். எட்டு நாளா அது என் நெஞ்சுல உக்காந்துக்கிட்டு என்னயத் திங்குது."

"சொல்லு."

"வேன் போறப்போ மேல இருந்து ஒரு கட்டு சரிஞ்சு ரோட்டுல விழுந்துச்சு. வண்டிக்குப் பின்னாலயே. என் மனுஷன் ஒடனே போயி எடுக்கல. ஓரமா, மண்மேட்டு மேல நின்னாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இந்த மலையில பொறந்த எவனாவது நின்ன வண்டிக்குப் பின்னால போவானா, கட்ட போட்ட சத்தம் கேக்காம? நின்னுக்கிட்டே இருந்தாரு." எர்மீன் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "நீ அலேன்னு கத்தினே. கத்தின பெறகுதான் எறங்கி வந்து அந்தக் கட்டுல கைய வெச்சாரு. ஒன் சத்தத்த நம்பித்தான் வந்தாரு ஃபிலோ. நீ முன்னால இருக்கேங்கறத மறந்து, கட்ட போட்டுட்டேன்னு நம்பி வந்தாரு."

பெஞ்சு தூக்குகிறவர்களின் பேச்சு ரோட்டில் கேட்டது.  ஃபிலோமீனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்தத் தொண்டையால் கத்துவது? இக்னேஸ் அவளுக்குக் கொழுந்தன். கல்யாணத்தன்று அவள் காலணி சேற்றில் மாட்டிக்கொண்டபோது, அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டவன்.

"பெர்ட்டுக்கு இது தெரியுமா?" என்றாள் எர்மீன்.

"தெரியாது. அவன் ஏன் பின்னால வந்தான், ஏன் பின்னால வந்தான்னு பொலம்பிக்கிட்டேதான் இருக்காரு."

"சொல்லாதே. கால் நழுவிச்சுன்னு சொல்லிச் சொல்லியே அந்த மனுஷன் பாதி செத்துட்டாரு. இது தெரிஞ்சா, ஒன்னப் பாக்கறப்பெல்லாம் இதுதான் ஞாபகம் வரும் அவருக்கு. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எப்படி ஒரு வீட்டுல இருப்பீங்க? இத்தன நாளு நான் ஒருத்தியா வெச்சிருந்தேன். இனிமே நீயும் வெச்சுக்கோ."

"என்னய மன்னிச்சிரு எர்மீன்."

"அதெல்லாம் இப்பக் கேக்காதே. இப்ப என்கிட்ட இல்ல. மீன முடி, ஆளுங்க வந்துருவாங்க."

மீனை முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு திரும்பி முற்றத்தைத் தாண்டி வந்தாள். இருபது எட்டு தூரம்தான். பாதியில் நின்று குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

கத்பர்ட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அவளுக்கு அன்னிக்கே தெரியுமாம். என் சத்தம் கேட்டிருக்கு. ஸ்டேஷனுக்குப் போகலயாம். சாயங்காலம் ஜெபத்துல ரம் கதை பொய்யின்னு அவளே சொல்றாளாம்."

கத்பர்ட் மெதுவாக உட்கார்ந்தான். தோள் இரண்டும் குலுங்கின. அவன் அழுது முடிக்கட்டும் என்று அவள் உள்ளே போய், உரித்த வாழைக்காயை வேகவைத்து வடித்து, வெங்காயம் போட்டு வதக்கிய உப்பு மீனை ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தாள்.

"ஃபிலோ," என்றான். "அவ அங்கதானே நின்னா. எல்லாத்தயும் பாத்திருப்பா. அவன் ஏன் பின்னால வந்தானாம்? அதப்பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

அவள் தட்டை அவன் மடியில் வைத்தாள்.

"ஒரு கட்டு கீழ விழுந்துச்சாம். எடுக்க வந்தாராம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். "அவன் எப்பவுமே அப்படித்தான். ஒரு எல கீழ விழப் பொறுக்காது அவனுக்கு," என்றான். பிறகு சாப்பிட ஆரம்பித்தான். முதல் வாய் இறங்கக் கஷ்டப்பட்டது. இரண்டாவது வாழைக்காயைத் தானே எடுத்துக்கொண்டான். உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். சரியாக இருக்கிறது என்றான்.